சித்திரைப் புத்தாண்டும் மூன்றாம் பந்தியும்

சித்திரை பிறக்கும்போதெல்லாம் எம்மிடையே ஒப்பாரியொன்றும் தவறாது பிறக்கின்றது. பத்திரிகைகளின் புத்தாண்டு மலர்களிலும், வானொலி உரைகளிலும், வாசிகசாலை விழாக்களிலும் அதனை ஆண்டுதோறும் கேட்கலாம். ஒரே வளவுக்குள் நாற்பது பேர் கூடி, ஒரே உலையிற் பொங்கி, ஒரே பந்தியில் இருந்து உண்ட அந்தக் குடும்பம் எங்கே, அந்தப் புத்தாண்டு எங்கே என்று அது தொடங்கும். முடிவதற்குள் குற்றவாளி ஒருவர் கண்டுபிடிக்கப்பட்டுவிடுவார். ஒரு காலத்தில் அவர் மேனாட்டு நாகரிகமாக இருந்தார்; பின்னர் தொலைக்காட்சியானார்; இப்பொழுது கைத்தொலைபேசியாக இருக்கிறார். கடந்த சித்திரையில் எங்கள் பகுதி வாசிகசாலையொன்றிற் பேசிய பெரியவரோ இத்தகைய சுற்றுவழிகளை நாடவில்லை. பெண்கள் படித்து உத்தியோகத்துக்குப் போகத் தொடங்கியதே கூட்டுக் குடும்பம் குலைந்தமைக்கும், அதனோடு புத்தாண்டு குலைந்தமைக்கும் காரணம் என்று அவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். சபையோர் கைதட்டினர். கைதட்டியவர்களுள் தம்மை முற்போக்காளர் என அழைத்துக்கொள்ளும் என் சக ஆசிரியர் இருவரும் இருந்தனர்.

பெரியவரை நான் நொந்துகொள்ளப் போவதில்லை. அழுபவர்களுள் அழுகையின் காரணத்தைச் சரியாகச் சொன்னவர் அவர் ஒருவரே. ஏனையோர் பாசம் என்றும் பண்பாடு என்றும் உறவு என்றும் மூடிவைத்த பொருளை அவர் திறந்து காட்டிவிட்டார். சம்பளமில்லாத, விடுமுறையில்லாத, ‘என்னால் இயலாது’ என்று சொல்ல வழியில்லாத பெண்கள் பத்துப் பன்னிருவர் ஒரு குசினிக்குள் இருந்தமையாலேயே அந்தப் புத்தாண்டு நடைபெற்றது. இன்று அவர்கள் அவ்வாறு கிடைப்பதில்லை. ஆகவே அது நடைபெறவில்லை. இதற்காக அழவேண்டியவர் யார் என்பதே ஈண்டு நான் கேட்க விரும்புவது.

முதலில் அந்த ‘ஒரே பந்தி’ என்ற கட்டுக்கதையைப் பார்ப்போம். பருத்தித்துறையில் என் அம்மம்மாவின் வீட்டிற் புத்தாண்டு கண்டு வளர்ந்தவள் நான். எங்கள் குடும்பத்தார் இன்றும் பெருமூச்சுடன் நினைவுகூரும் புத்தாண்டு 2002ஆம் ஆண்டினது. அதற்குக் காரணம் உண்டு. அவ்வாண்டு பெப்ரவரியிற் போர்நிறுத்தம் கைச்சாத்தாயிற்று. ஏப்ரல் 8ஆந் திகதி கண்டி வீதி திறக்கப்பட்டது. கப்பலுக்கும் விமானத்துக்கும் பெயர் பதிந்து மாதக்கணக்கிற் காத்திருந்த சனங்கள் அந்த வாரத்திலேயே வீதிவழியாக வரத் தொடங்கினர். கொழும்பிலிருந்த மாமா குடும்பம் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, வாகனம் மாறி, செம்மண் படிந்த உடையோடு வருடப்பிறப்புக்கு முதல் நாள் மாலை வந்து சேர்ந்தது. ஆண்டுக்கணக்காகக் காணாத மகனைக் கண்ட அம்மம்மா படலையடியில் நின்று அழுதது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. வளவுக்குள் நாற்பதுக்கு மேற்பட்டோர் இருந்தோம். போர் பிரித்துவைத்த ஒரு குடும்பம் மீண்டும் கூடிய அந்த மகிழ்ச்சியை நான் ஒருபோதும் இழிவுபடுத்தேன். அது உண்மையான மகிழ்ச்சி. அதனை எந்தத் தத்துவத்தாலும் இல்லையென்று வாதிக்க முடியாது.

ஆனால் அந்த மகிழ்ச்சிக்கு முன்னே மூன்று நாள் வேலை இருந்தது. அரிசி ஊறப்போட்டு, இடித்து, அரித்து, வறுத்தெடுக்க வேண்டும். பயற்றை வறுத்து உடைத்து, சர்க்கரைப் பாகு காய்ச்சி, பதம் தப்பாமற் குழைத்து உருட்டி, மாவிற் தோய்த்துத் தாச்சியில் இட்டாற்றான் பயற்றம்பணியாரம். அரியதரத்துக்கு முதல் நாளே மா குழைத்து வைக்கவேண்டும். முறுக்கு உரலைப் பிழிந்து பிழிந்து குஞ்சியம்மாவின் உள்ளங்கை கன்றிப்போயிருந்தது. இவற்றுக்கிடையில் வீடு கழுவல், முற்றம் பெருக்கிக் கோலமிடல், கோயிலில் மருத்துநீர் வாங்கிவந்து நாற்பது தலைக்கும் வைத்தல், விடியலிற் பொங்கல், மத்தியானம் ஏழு கறியோடு மரக்கறிச் சாப்பாடு, மறுநாள் பங்கு இறைச்சி காய்ச்சல். விறாந்தையிலோ வருடம் பிறக்கும் நேரம் வாக்கிய பஞ்சாங்கப்படியா திருக்கணிதப்படியா என்று பெரியப்பாவுக்கும் மாமாவுக்குமிடையே பெரும் விவாதம் நடந்துகொண்டிருந்தது. எந்தப் பஞ்சாங்கம் வென்றாலும் அடுப்பு மூட்டுபவர் மாறப்போவதில்லை என்பதனாற் குசினிக்குள் எவரும் அவ்விவாதத்துக்குச் செவிகொடுக்கவில்லை.

மத்தியானம் பந்தி வைத்தார்கள். முதற் பந்தியில் ஆண்களும் ஆண்பிள்ளைகளும் அமர்ந்தனர். அவர்கள் உண்டெழுந்து வெற்றிலைத் தட்டத்தை அணுகிய பின்னர், இரண்டாம் பந்தியிற் பெண்கள் இருந்தோம். அப்பொழுது பொரியல் முடிந்திருந்தது. வாழைக்காய்க் குழம்பில் வாழைக்காய் இருக்கவில்லை. இரண்டாம் பந்தியும் எழுந்த பின்னர், மூன்றாவது பந்தியில் ஒருத்தி மட்டும் இருந்தாள். அதனைப் பந்தி என்று அழைப்பதும் மிகை. குசினிப் படியில், வாசலுக்கு முதுகு காட்டிக் குந்தியிருந்து, பானையில் ஒட்டியதைச் சுரண்டி உண்டாள்.

அவள் கொழும்பிலிருந்து மாமா குடும்பத்தோடு வந்தவள். மாமியின் கைக்குழந்தையைத் தூக்கிவைத்திருப்பதற்காகக் கொண்டுவரப்பட்டவள். மலையகத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவள். எனது வயதுதான். அவளுடைய பெயரும் என் ஒன்றுவிட்ட அக்காவின் பெயரும் ஒன்றாயிருந்தமையால், வீட்டுக்கு வந்த முதல் நாளே அவளுக்கு வேறொரு பெயர் சூட்டப்பட்டிருந்தது. அக்காவின் பெயரை மாற்றலாமே என்ற யோசனை எவருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

வருடப்பிறப்பன்று காலையிற் பெரியப்பா கைவிசேடம் கொடுத்தார். வெற்றிலையிற் புதுத் தாள் ஒன்றை வைத்து, நெல்லும் பூவும் சேர்த்து, ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுக் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். அவர் இளைப்பாறிய அதிபர். ஆகையாற் கையில் வெற்றிலையை வைக்குமுன் ஒவ்வொரு பிள்ளையையும், “எத்தினையாம் வகுப்பு? கணக்குக்கு எத்தினை புள்ளி?” என்று கேட்பார். பதினேழு பிள்ளைகளும் வரிசையில் நின்று பதில் சொன்னோம். பதினெட்டாவதாக அவள் வந்தாள். அவளுக்கும் வெற்றிலை கிடைத்தது. புதுத் தாளும் கிடைத்தது. எங்கள் குடும்பத்தின் தாராள மனத்துக்குச் சான்றாக அது பின்னர் பலமுறை எடுத்துச் சொல்லப்பட்டது. ஆனால் அந்தக் கேள்வி மட்டும் அவளிடம் கேட்கப்படவில்லை. ஒரு கணம் பெரியப்பாவின் வாய் அசைந்ததைக் கண்டேன். பிறகு அவர் வேறுபக்கம் திரும்பிவிட்டார். தாளை மாமி வாங்கி, “துலைச்சுப் போடுவாய்” என்று சொல்லித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

அன்று அந்த வீட்டில் இளைப்பாறிய அதிபர் ஒருவர், ஆசிரியர் மூவர், கல்வித் திணைக்கள உத்தியோகத்தர் ஒருவர் இருந்தனர். ஐந்து முதல் பதினான்கு வயது வரையான பிள்ளைகள் கட்டாயம் பாடசாலைக்குச் செல்லவேண்டும் என்ற ஒழுங்குவிதி 1997இல் ஆக்கப்பட்டது. அதனை அமுலாக்கும் பொறுப்பிலிருந்தவர்களுள் ஒருவர் அன்று முதற் பந்தியில் இருந்தார். நானும் பிழைத்தவளல்லள். இரண்டாம் பந்தியிலிருந்து எழுந்த நான் என் எச்சிற் கோப்பையை அவளிடந்தான் கொடுத்தேன். மாலையிற் கிணற்றடியில் கிடாரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த அவளருகே போய் நின்றபோது, “உங்க ஊருல நாளைக்கும் வருசமா?” என்று கேட்டாள். ஓம், நாளைக்கு இறைச்சி என்றேன். அவள் மறுபேச்சின்றிச் சாம்பலை அள்ளி மீண்டும் தேய்க்கத் தொடங்கினாள். அவளுடைய வீட்டிலும் அன்று வருடம் பிறந்திருக்கும், அங்கே அவளுக்கும் ஒரு தாய் இருப்பாள் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே உறைத்தது. ஆண்டுக்கணக்காகக் காணாத மகனுக்காக அம்மம்மா படலையடியில் அழுத அதே நாளிலேதான் இது நடந்தது.

இது எமது குடும்பத்தின் தனிப்பட்ட கொடுமை என்று எண்ணிவிடாதீர்கள். அவளை எவரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கத்தின் சாதாரண நல்ல குடும்பம் அது. 1948இற் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டு, அம்மக்களுக்காக மேடையில் அனுதாபமும் தெரிவித்த குடும்பங்கள் எத்தனை என்பதை இதனை வாசிப்போர் தத்தம் வீட்டுப் பழைய புகைப்படங்களில் எண்ணிப் பார்க்கலாம். புகைப்படத்தின் ஓரத்தில், குழந்தையைத் தூக்கியபடி, பாதி வெட்டுண்டு நிற்கும் அந்தச் சிறுமியைத் தேடிப்பாருங்கள். பழங்கதை என்று சொல்லித் தப்பிக்கவும் இயலாது. 2021இற் கொழும்பில் வீட்டு வேலைக்கு வைக்கப்பட்டிருந்த மலையகச் சிறுமி ஒருத்தி எரிகாயங்களுடன் மருத்துவமனையில் மரணமானபோது நாடே அதிர்ந்தது. வேலைக்கமர்த்தும் ஆகக் குறைந்த வயது பதினான்கிலிருந்து பதினாறாக உயர்த்தப்பட்டதும் அவ்வாண்டிலேயே.

என் அம்மாவின் இளமைக் காலத்தில் மூன்றாம் பந்திக்கும் அப்பால் நாலாவது இடமொன்று இருந்தது. வருடப்பிறப்பன்று ‘குடிமக்கள்’ கோடிப்புறத்தால் வருவார்கள். சலவைத் தொழிலாளி வருவார், முடிதிருத்துபவர் வருவார், மரமேறுபவர் வருவார். அவர்களுக்கு அரிசியும் காய்கறியும் கைவிசேடமும் கொடுக்கப்படும்; குடிக்கத் தேநீர் சிரட்டையில் ஊற்றப்படும். ‘ஊரே கூடிய புத்தாண்டு’ என்று இன்று உருகுவோர் நினைவுகூர்வது இதனையும் சேர்த்துத்தான். தாத்தாவின் கையிலிருந்து பணம் வாங்க ஊர் வரிசையாக நின்றதை அன்பின் காட்சியாகக் காண்பதற்குத் தாத்தாவின் நாற்காலியில் அமர்ந்திருக்க வேண்டும். கோடிப்புறத்தில் வெயிலில் நின்றவருக்கு அது ஆண்டொருமுறை புதுப்பிக்கப்படும் அடிமைச் சீட்டு.

யாரோடு யார் இருந்து உண்பது என்பது எமது மண்ணில் ஒருபோதும் அற்ப விஷயமாக இருந்ததில்லை. 1920களில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சமபந்தி போசனத்தையும் பாடசாலைகளிற் சம ஆசனத்தையும் வற்புறுத்தியது. 1929இற் சம ஆசனம் பற்றிய உத்தரவு வந்ததும், அதனைப் பொறுக்கமாட்டாதோர் சில பாடசாலைகளுக்குத் தீ வைத்தனர். தரையிலிருந்த பிள்ளையை வாங்கில் இருத்துவதிலும் பள்ளிக்கூடம் சாம்பலாவது மேல் என்று அவர்கள் நினைத்தார்கள். 1957இற் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது. 1966 ஒக்டோபர் 21இற் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. தேநீர்க் கடையிலே சமமாக இருந்து ஒரு பேணித் தேநீர் குடிப்பதற்காக மக்கள் அடிபட்டார்கள். 1968இல் மாவிட்டபுரத்துக் கோயில் வாசலில் நாட்கணக்காக நின்றார்கள். இடதுசாரிகளாகிய நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் வரலாறு இது. 1956இற் கம்யூனிஸ்ட் ஒருவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி பருத்தித்துறை. அந்தப் பெருமையும் எமக்குண்டு. அவ்வரலாறு பாடசாலை வாங்கில் ஏறியது, தேநீர்க் கடைக்குட் புகுந்தது, கோயில் வாசலைத் தொட்டது. எங்கள் வீட்டுக் குசினிப் படியில் மட்டும் வந்து நின்றுவிட்டது.

இவ்விடத்தில் என் தோழர்களோடும் ஒரு வார்த்தை பேசவேண்டியிருக்கிறது. புத்தாண்டு என்றதும் சோதிடப் புரட்டு, மூடநம்பிக்கை, நிலப்பிரபுத்துவ எச்சம் என்று அவர்கள் ஒரே மூச்சில் அடுக்குவார்கள். விறாந்தையிற் சாய்வு நாற்காலியில் இருந்தபடி ஒரு மணி நேரம் அடுக்கிவிட்டு, இடையிலே உள்ளே திரும்பி, “இஞ்சை, மூண்டு தேத்தண்ணி” என்று குரல் கொடுப்பார்கள். ஏங்கெல்சு 1884இற் குடும்பத்தின் தோற்றம் பற்றி எழுதிய நூல் அவர்கள் வீட்டு அலுமாரியில் உண்டு. வர்க்க ஒடுக்குமுறையைப் பற்றிப் பேசத் தொடங்கிய அவ்வறிஞர் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையேயான வேலைப் பங்கீட்டிலிருந்து தொடங்கியது ஏன் என்று இவர்கள் தம்மைக் கேட்டுக்கொண்டதுண்டா? பண்டிகையை வெறுப்பது மிகவும் சுலபமான முற்போக்கு. அதற்கு ஒரு தேங்காய்கூடத் திருவவேண்டியதில்லை.

ஆண்களுக்குச் சமைக்கத் தெரியாது என்ற வாதத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். எங்கள் கோயில்களில் அன்னதானத்துக்குச் சமைப்போர் யாவர்? இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, கிடாரத்துள் ஆளுயர அகப்பையை விட்டு, ஆயிரம் பேருக்குச் சாம்பாரும் பாயாசமும் ஆக்குபவர்கள் ஆண்கள். அவர்களுக்குப் பதம் தெரியும், உப்புத் தெரியும், நாற்பது தேங்காயை அரை மணியில் திருவவும் தெரியும். சமையல் எங்கே புகழாகவோ புண்ணியமாகவோ கூலியாகவோ திரும்பிவருகிறதோ, அங்கே ஆணுக்குச் சமைக்கத் தெரிகிறது. எங்கே அது ஒன்றுமாகத் திரும்பிவருவதில்லையோ, அங்கே கை மறந்துபோகிறது.

இனி, எதிர்த்தரப்பாரின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். அந்தக் குசினியிற் பெண்கள் மகிழ்ச்சியாகத்தானே இருந்தார்கள் என்பார்கள். மறுக்கமாட்டேன். முறுக்குப் பிழிந்தபடி பெரியம்மா சொன்ன கதைகளைக் கேட்டு என் அம்மா கண்ணில் நீர்வரச் சிரித்ததை வேறெந்த நாளிலும் நான் கண்டதில்லை. விறாந்தையிலிருந்த ஒவ்வோர் ஆண்மகனின் நடையையும் பேச்சையும் அம்மம்மா அபிநயித்துக் காட்டுவார். யாருக்கு எங்கே கடன், எந்தக் கலியாணம் ஏன் குழம்பியது, எவள் ஏன் கிணற்றில் விழுந்தாள் என்பதெல்லாம் அங்கேதான் சொல்லப்பட்டன. பல்கலைக்கழகத்தில் நாட்டார் வழக்காற்றியல் பாடத்தில் விடுகதையும் ஒப்பாரியும் தாலாட்டும் கற்பிக்கப்பட்டபோது அவற்றுட் பலவற்றை நான் அந்தப் புகைக்குள் ஏற்கெனவே கேட்டிருந்தேன். எனது தமிழின் ஒரு பாதி அந்தக் குசினியிற் கிடைத்தது. ஆயினும் அக்கதைகளைச் சொல்வதற்குத் தாச்சி முன் எட்டு மணிநேரம் நிற்கவேண்டும் என்பது என்ன நியதி? பெண்கள் ஒன்றாய் இருந்து பேச ஆண்டில் மூன்று நாட்கள், அதுவும் வேலை என்ற சாட்டோடு மட்டுமே கிடைத்தன என்பதல்லவா இங்கே வெட்கப்படவேண்டிய செய்தி? அந்தச் சிரிப்பின் ஓரத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சிறுமி, கதையில் இடம்பெற்ற எவரையும் அறியாதவளாய், எல்லாரும் சிரித்தபோது தானும் சிரித்தாள்.

பெண் உத்தியோகத்துக்குப் போனதால் இந்த வேலை ஒழிந்துவிட்டதா என்றால், அதுவுமில்லை. கைமாறியிருக்கிறது. இப்பொழுது எங்கள் பகுதியிற் கூட்டுக் குடும்பத்தின் பெருவிழா சித்திரையிலிருந்து ஆடி ஆவணிக்குப் பெயர்ந்துகொண்டிருக்கிறது. கனடாவிலும் இலண்டனிலும் பாடசாலைகளுக்குக் கோடை விடுமுறை விடும்போதுதான் வீடுகளுக்கு வெள்ளையடிக்கப்படுகிறது. வருவோர் போகும்போது பெட்டியில் எடுத்துச் செல்வதற்குப் பலகாரம் வேண்டும். ‘வீட்டுப் பலகாரம்’ என்று சொல்லி வாங்குகிறார்கள். யாருடைய வீட்டிற் செய்தது? போரிற் கணவனை இழந்தவள் ஒருத்தி, காணாமற்போன மகனின் படத்துக்கு முன்னே விளக்கேற்றிவிட்டு, இரவிரவாக விறகடுப்பிற் பொரித்தெடுத்த பணியாரம் அது. அந்தப் பணியாரத்துக்கு விலை பேசும்போது, “உவ்வளவு விலையோ, முந்தி எங்கடை வீட்டிலை சும்மா செய்தது” என்கிறார்கள். இந்தச் ‘சும்மா’ என்ற சொல்லிலேதான் நான் இதுகாறும் எழுதிய அனைத்தும் அடங்கிக் கிடக்கிறது.

தெற்கிலும் நிலைமை பெரிதாக வேறுபட்டதன்று. சிங்களவருக்கும் தமிழருக்கும் பொதுவான தேசியத் திருநாள் என்று அரசு பெருமைப்படும் நாள் இது. சுபநேரப் பட்டியல் வெளியிடப்படுகிறது. அடுப்பு மூட்டும் நேரமும், பார்க்கவேண்டிய திசையும், உடுக்கவேண்டிய நிறமும் நாடு முழுவதற்கும் அறிவிக்கப்படுகின்றன. 1978இல் ஆரம்பிக்கப்பட்ட கட்டுநாயக்க வர்த்தக வலயத்தில் ஆண்டு முழுவதும் இயந்திரத்தின் முன்னிருந்த பெண்கள், கூட்ட நெரிசலில் நின்றபடியே பயணஞ் செய்து, ஊர் போய்ச் சேர்ந்து, அந்தச் சுபநேரத்தில் அடுப்பு மூட்டுகிறார்கள். ஆனால் சிங்கள மக்களின் வழக்கமொன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. பழைய ஆண்டுக்கும் புதிய ஆண்டுக்கும் இடைப்பட்ட ‘நோனகதே’ எனும் புண்ணிய காலத்தில் அடுப்பை அணைத்து, எல்லா வேலைகளையும் நிறுத்திவிடுகிறார்கள். சோதிடத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆனாற் பெண்ணின் அடுப்பைச் சில மணி நேரமாவது அணைக்கச் சொல்லும் சோதிடத்தோடு எனக்குப் பெரிய சண்டையுமில்லை.

2022ஆம் ஆண்டுப் புத்தாண்டை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 12ஆந் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று அரசு அறிவித்தது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் புத்தாண்டு விடுமுறை. காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, பால்மா இல்லை. காலிமுகத் திடலிற் கூடியிருந்தோர், ஒருவருக்கொருவர் உறவினரல்லாதோர், அங்கேயே பால் பொங்கிப் புத்தாண்டு கொண்டாடினர். எங்கள் வீட்டுக்கு எவராலும் வர முடியவில்லை. பெரியப்பா தொலைபேசியில் மனம் நொந்து பேசினார். தன் வாழ்நாளில் இப்படியொரு பாழ் வருடத்தைக் கண்டதில்லை என்றார். அம்மா விறகில் ஒரு பானை பொங்கினார், ஒரு கறி வைத்தார். பகல் பன்னிரண்டரைக்கெல்லாம் எல்லாம் முடிந்துவிட்டது. பிறகு பாயை விரித்துப் படுத்தவர் மாலை நாலரைக்குத்தான் எழுந்தார். தான் கலியாணம் முடித்த நாள்முதல் வருடப்பிறப்பன்று பகலில் உறங்கியது அதுவே முதல் தடவை என்று அவர் சொன்னபோது குரலில் ஒரு குற்ற உணர்வு இருந்தது. நாடு கடனில் மூழ்கித்தான் என் தாய்க்கு நான்கு மணி நேர நித்திரை கிடைக்கவேண்டுமா?

பண்டிகை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போரும் புலப்பெயர்வும் சிதறடித்த ஒரு சமூகத்துக்கு ஆண்டில் ஒரு நாளாவது ஒரே வளவுக்குட் கூடும் தேவை மற்றெவரையும்விட அதிகம். கூடட்டும். ஆனால் ஏழு கறிதான் குடும்பம் என்றால், அந்த ஏழு கறியை முதற் பந்தியில் இருப்போர் ஆக்கட்டும். இயலாவிட்டால் ஒரு கறியோடு எல்லாரும் ஒன்றாக இருப்போம். பலகாரத்தை விலைக்கு வாங்குவதாயின், செய்தவள் கேட்கும் விலையைப் பேரம் பேசாமற் கொடுப்போம். மற்றவனின் பிள்ளையை அதன் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து எமது பிள்ளையைத் தூக்கவைத்துவிட்டுக் குடும்பப் பாசத்தைப் பற்றிப் பேசும் வெட்கக்கேடு இனியும் வேண்டாம்.

சொன்னதைச் செய்து பார்க்கவும் செய்தோம். கடந்த வருடப்பிறப்புக்குச் சில நாள் முன்பாக, இம்முறை ஆண்கள் சமைப்பதென்றும் எல்லாரும் ஒரே நேரத்தில் இருப்பதென்றும் வீட்டிற் சொன்னேன். பெரியப்பா வரவில்லை. “படிச்ச பிள்ளையின்ரை வீட்டிலை எங்களுக்கு மரியாதை கிடையாது” என்று சொல்லியனுப்பினார். அது எனக்கு நோகவில்லையென்றாற் பொய். எனக்கு முதன்முதலில் அகராதி வாங்கித் தந்தவர் அவர். மாமா வந்தார். திருவலையில் ஏறியிருந்து ஆறு தேங்காய் திருவினார். கோயிற் சமையலில் அனுபவமுள்ளவராகையாற் கை தடுமாறவில்லை. என் கணவரும் தம்பிமாரும் சோற்றை அடிப்பிடிக்க விட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு என்று சொன்ன சாப்பாடு மூன்றரைக்குத்தான் ஆயத்தமாயிற்று. பிள்ளைகள் பசியில் அழுதார்கள். பின்னர் பத்தொன்பது பேரும் ஒரே தடவையில், நடுவறையிற் பாய் விரித்து இருந்தோம். அம்மாவும் இருந்தார். இரண்டு முறை எழுந்து குசினிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து மறுபடியும் இருந்தார். மாமாவுக்கு நேரே நான் இருந்தேன். 2002இல் வந்த அந்தப் பிள்ளை பின்பு என்னவானாள் என்று கேட்டேன். மாமா உண்பதை நிறுத்தினார். இரண்டொரு ஆண்டில் ஊருக்கு அனுப்பிவிட்டோம் என்றார். எந்தத் தோட்டம் என்று கேட்டேன். நினைவில்லை என்றார். அவளுடைய சொந்தப் பெயர் மட்டும் அவருக்கு நினைவிலிருந்தது. அது தன் மகளின் பெயரல்லவா.

வரும் சித்திரையில் வாசிகசாலைப் புத்தாண்டு விழாவிற் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். பெரியவருக்கு மறுமொழி சொல்ல எனக்கும் வாய்ப்பளிக்க வேண்டுமாம். சம்மதித்துக் கடிதம் எழுதினேன். விழாவன்று சபையோருக்குத் தேநீர் ஊற்றிப் பரிமாறுவதையும், பின்னர் கோப்பைகளைக் கழுவி அடுக்குவதையும் நிருவாகக் குழுவினரே செய்யவேண்டுமென்று ஒரேயொரு நிபந்தனை மட்டும் விதித்திருந்தேன். கடிதம் கிடைத்ததாகச் செயலாளர் சொன்னார். பதில் இன்னும் வரவில்லை.